இரண்டு அட்டைக்கு ஒரு ஜோடிக் கால்

மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்கத்தான் நான் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்குப் போனேன். போய் இறங்கிய மறுநாளே விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டார்களாம். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்த உமையாள் எழுந்திருக்கவே இல்லை. ஒற்றை அறை. நான் தட்டைக் கழுவினால் சத்தம், கட்டிலில் புரண்டால் சத்தம், ஒன்றும் பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய சத்தம்.

“அம்மா, கீழ்வீட்டு ஜெசிந்தா ஆன்ட்டி யாத்திரை நடக்கப் போறாங்க. நீங்களும் கூடப் போயிட்டு வாங்களேன். பழனிக்கு நடக்கிற ஆளுதானே நீங்க?” என்றாள்.

நடக்கிற ஆள்தான். காரைக்குடியில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றதிலிருந்து ஒவ்வொரு தையிலும் காவடிக் கூட்டத்தோடு பழனிக்கு நடக்கிறேன். ஆனால் பாஷை தெரியாத நாட்டில், முன்பின் பழகாத ஒருத்தியோடு நடப்பதென்றால் யோசனையாக இருந்தது. அன்று சாயங்காலம் ஜெசிந்தா அக்காவே ஒரு மூடிய பாத்திரத்தில் பிட்டோடு மாடியேறி வந்தார்.

“ரீச்சர், உங்கடை மகள் எல்லாம் சொன்னவ. மூண்டு நாலு நாள் நடைதான். நீங்கள் வாறியள் எண்டால் எனக்கும் கதைக்க ஒரு ஆள்” என்றார்.

ஜெசிந்தா அக்கா மன்னார்க்காரர். கல்யாணமான கையோடு இத்தாலிக்கு வந்தவர். கணவர் மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறார். அக்காவுக்கு லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாளை, பார்த்துக்கொள்ளும் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக அதே வீடு, அதே சிஞ்ஞோரா. வீடு திரும்புவதோ வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கட்டடத்துக்கு. காலையில் மீன்காரர்கள் போடும் கூச்சலில் நமக்கு அலாரம் தேவையில்லை. அந்தச் சந்தையில்தான் நான் பனெல்லே தின்றேன். நம் கடலைமாவைக் கிளறி, ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரித்து ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தருகிறார்கள். முதல் கடியிலேயே பயம் பாதி போய்விட்டது. கடலைமாவைப் பொரிக்கத் தெரிந்த ஜனங்கள் கெட்டவர்களாக இருக்க முடியாது.

மறுநாள் அக்கா என்னை லிபெர்த்தாவுக்கு அழைத்துப் போனார். அகலமான தெரு, உயரமான மரங்கள், பித்தளைப் பிடி போட்ட கதவு. மேல்மாடியில் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் சிஞ்ஞோரா அகாத்தா உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, உதட்டில் சாயம், மடியில் போர்வை. கூடத்தில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. சிஞ்ஞோராவின் மகன் வடக்கே தோரினோ நகரத்தில் இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகிறார். அதற்குப் பிறகு இந்த வீடும் இல்லை, அக்காவுக்கு இந்த வேலையும் இல்லை.

சிஞ்ஞோரா முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

“உந்தக் காலோடை எவ்வளவு தூரம் நடப்பா எண்டு கேக்கிறா” என்றார் அக்கா.

பழனித் தூரத்தைச் சொன்னேன். அக்கா மொழிபெயர்த்ததும் கிழவி புருவத்தை உயர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேசையிலிருந்து மடிப்பு மடிப்பாக விரியும் இரண்டு அட்டைகளை எடுத்தார்.

அது யாத்திரை அட்டை. கிரெதென்சியாலே என்கிறார்கள். பெயர் எழுதிய ஒரு பக்கம், மற்றதெல்லாம் கட்டங்கள். நடந்து போகும் ஊர்களில் தேவாலயத்திலோ காப்பிக் கடையிலோ ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். அந்த அட்டை இருந்தால்தான் யாத்திரை விடுதியில் படுக்க இடம். கடைசியில் எல்லா முத்திரையையும் காட்டினால் இன்னார் நடந்து வந்தார் என்று ஒரு பத்திரம். பழனிக்கு நடக்கும் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நத்தத்திலோ ஒட்டன்சத்திரத்திலோ என்னிடம் யாரும் சீட்டுக் கேட்டதில்லை. நடக்கிறவளைப் பார்த்தால் கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டு அட்டையிலும் ஒரே முத்திரைகள், ஒரே வரிசையில். சிஞ்ஞோராவும் அக்காவும் சேர்ந்து தொடங்கிய நடை அது. பலெர்மோவைக் காக்கும் புனிதை ரொசாலியா மலைக்காட்டில் தவம் இருந்த குகையிலிருந்து பலெர்மோவில் அவள் அடங்கிய குகை வரைக்குமான வழி. வருடத்துக்கு ஒரு தடவை, வசந்தத்தில், சில நாட்கள் மட்டும் நடப்பார்களாம். விட்ட இடத்திலிருந்து அடுத்த வருடம். கொர்லெயோனே ஊர் வரைக்கும் நடந்து முடித்த வருடம் சிஞ்ஞோரா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இரண்டு அட்டையும் அங்கேயே நின்றுவிட்டன. அக்கா தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை.

“இப்ப தானே போகச் சொல்றா. என்ரையையும் கொண்டு போ எண்டு தாறா” என்றார் அக்கா.

கிளம்பும்போது சிஞ்ஞோரா விரலை ஆட்டி ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். படி இறங்கும்போது கேட்டேன்.

“தன்ரை அட்டைக்கு முத்திரை தராட்டில் கெஞ்சாதை எண்டு சொல்றா. மானமுள்ள மனுசி.”

என் அட்டைக்குத்தான் முதலில் தடை வரும் என்று நினைத்தேன். பழைய நகரத்தில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய சிறிய அறையில் சால்வோ என்ற தொண்டர் அட்டை எழுதித் தந்துகொண்டிருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவராம், சட்டைப்பையில் மூன்று பேனா. எதற்காக நடக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. பக்தியா, மனநிம்மதியா, விளையாட்டா என்று மூன்று கட்டம். நான் இந்து, முருகனுக்கு நடப்பவள், பொய் சொல்ல மனம் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா அதை அப்படியே சொல்லிவிட்டார். சால்வோ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“ஞாயிற்றுக்கிழமை ரொசாலியாவின் குகை இருக்கும் மலைக்கு வாருங்கள், அம்மா. ரொசாலியாவிடம் வருகிறவர்களில் எத்தனை பேர் உங்கள் ஆட்கள் என்று பார்க்கலாம்” என்றார். பக்தி என்ற கட்டத்தில் அவரே கோடு போட்டார்.

சிஞ்ஞோராவின் அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அட்டையை விரித்தார், மூடினார்.

“அட்டை ஆளுக்கு உரியது. கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. வழியில் முத்திரை போடுவது அந்தந்த ஊர்க்காரர்கள் விருப்பம். முடிந்தால் சனிக்கிழமை மலைக்கு வாருங்கள். கடைசி முத்திரை அங்கே என்னிடம்தான். அப்போது பார்க்கலாம்.”

பார்க்கலாம் என்ற வார்த்தைக்கு உலகம் முழுக்க ஒரே அர்த்தம்தான்.

விட்ட இடத்தில் தொடங்க கொர்லெயோனேக்குப் பேருந்தில் போக வேண்டும். நாங்கள் போன காலையில் பேருந்துகள் வேலைநிறுத்தம். நிறுத்தத்தில் ஒருத்தர் கூடக் கோபப்படவில்லை, மழை வந்ததுபோல் ஏற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். எங்களோடு ஒரு கன்னியாஸ்திரி மட்டும் நின்றார். கைப்பேசியில் யாரையோ அதட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னஞ்சிறு கார் வந்தது. கொண்டுவந்தவரை இறக்கிவிட்டுவிட்டு, எங்களையும் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டினார். அந்த மலை வளைவுகளில் கன்னியாஸ்திரி ஓட்டிய வேகத்தைக் கொடைக்கானல் பேருந்து ஓட்டுநர்கள் பார்த்தால் தொழிலை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையை எடுத்துச் சிலுவை போட்டார். “ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லுங்கக்கா” என்றேன். அக்கா ஜெபமாலையைப் பிடித்தபடி, “நான் இப்ப கதைக்க மாட்டன் ரீச்சர்” என்றார்.

கொர்லெயோனேயில் காப்பிக் கடைக்காரர் மூன்று அட்டையையும் வாங்கி, பெயரைக்கூடப் பார்க்காமல், காப்பிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்து, இந்த வருடப் புறப்பாட்டுக்கென்று டம் டம் டம் என்று குத்தித் தந்தார். ஒன்றில் காப்பிக் கறை. இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று இருந்தது. அக்கா சிஞ்ஞோராவின் அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ஊரைத் தாண்டியதும் பச்சைக் கோதுமை. நடுநடுவே சிவப்புப் பூக்கள் ஏக்கர் கணக்கில். நம் ஊர் யாத்திரையில் முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கும், பாட்டு இருக்கும், ஒலிபெருக்கி இருக்கும். இங்கே எங்கள் இரண்டு பேரின் காலடி மட்டும். அந்த அமைதி முதல் மணிநேரம் அச்சமாகவும் பிறகு பழக்கமாகவும் இருந்தது. ஒரு ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை நாய்கள் மூன்று பாய்ந்து வந்தன. நான் கல்லைத் தேடினேன். அக்கா அசையாமல் நின்று, சிசிலிக்காரர்களின் பேச்சில், அடித்தொண்டையிலிருந்து ஒரு வார்த்தை விட்டார். மூன்றும் வாலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பின.

“என்னக்கா சொன்னீங்க?”

“அதை ரீச்சருக்குச் சொல்லேலாது” என்றார்.

அன்றைக்கு மத்தியானம் என் இடது குதிகாலில் கொப்புளம். அக்கா பதறினார். நான் பையிலிருந்து ஊசி நூலை எடுத்தேன். கொப்புளத்துக்குள் நூலை ஓட்டி, இரண்டு பக்கமும் விட்டு வெட்டி, நீரை வடியவிட்டேன். பழனி வழியில் கற்றது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஆசுப்பத்திரியிலை கூட எனக்கு இப்பிடிப் பாக்கேலாது” என்றார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் மரியாதை கொஞ்சம் குறைந்து பேச்சு கூடியது. சின்னப் பிள்ளையில் தாயோடு ஊரைவிட்டு ஓடிய கதை, படகு, விசா, முதல் வருடங்களில் சிஞ்ஞோரா கத்திக் கத்தி இத்தாலியன் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சொன்னார். “அவ என்னைப் பேசியிருக்கிறா, நானும் கதவைச் சாத்திப்போட்டு வெளிக்கிட்டிருக்கிறன். பின்னேரம் போன் வரும், ஜாச்சிந்தா, மாத்திரை எங்கை வைச்சனீ எண்டு.” சிஞ்ஞோராவுக்கு ஜெசிந்தா என்று வராது. ஜாச்சிந்தாதான்.

மறுநாள் காட்டைத் தாண்டி, மேட்டில் இருந்த ஒரு யாத்திரை விடுதிக்கு வந்து சேர்ந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எங்களை வரவேற்ற அம்மாள் ஐம்பது வயதுக்காரர், முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். முதலில் அடையாளச் சான்று கேட்டார். அக்கா தன் பெர்மெஸ்ஸோவை, அதாவது இத்தாலியில் தங்கும் அனுமதி அட்டையை, கொடுத்தார். நான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். தங்குகிறவர்கள் விவரத்தைப் போலீசுக்கு அனுப்ப வேண்டுமாம். என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு யாத்திரை அட்டைகளை வாங்கினார். என்னுடையதில் குத்தினார். அக்காவுடையதில் குத்தினார். மூன்றாவதை விரித்தார்.

“அகாத்தா யார்?”

அக்கா சொன்னார். சிஞ்ஞோராவின் இடுப்பு, சக்கர நாற்காலி, தோரினோ எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் முழுதும் கேட்டார். முகம் கடுமையாக இல்லை. ஆனால் அட்டையை மடித்துத் திருப்பி நீட்டினார்.

“வராதவருக்கு முத்திரை கிடையாது. மன்னிக்க வேண்டும்.”

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாள் இளகியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அக்கா சொல்லவில்லை. அட்டையைக் கைக்குட்டையில் சுற்றினார், “கிராட்சியே” என்று நன்றி சொன்னார், கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம். உப்புச்சப்பில்லாத ஒரு முத்திரை, ஒரு துளி மை, அதில் என்ன கஞ்சத்தனம்? மறுநாள் காலையில் அந்த அம்மாள் எங்களுக்கு அவித்த முட்டையும் ரொட்டியும் வைத்துக்கொண்டே தானாகப் பேசினார். போன வருடம் ஒருவர் காரில் வந்து இறங்கி ஒரு கட்டு அட்டையை நீட்டினாராம், சொந்தக்காரர்கள் பின்னால் நடந்து வருகிறார்கள் என்று. குத்திக் கொடுத்தாராம். யாரும் வரவில்லை. “அதிலிருந்து ஆளைப் பார்க்காமல் நான் குத்துவதில்லை. உங்கள் சிஞ்ஞோரா உண்மை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் உண்மைக்கு ஒரு விதி, பொய்க்கு ஒரு விதி என்று என்னால் வைக்க முடியாது” என்றார்.

அக்கா எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னார். முப்பது வருடம் வகுப்பெடுத்தவள் நான். பக்கத்து இருக்கைக்காரி ‘உள்ளேன் ஐயா’ சொன்னால் வருகை போட்டிருப்பேனா? கிளம்பும்போது அந்த அம்மாள் எங்கள் பைகளில் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு திணித்தார். அக்கா வாங்கிக்கொண்டார். வழியில் உரித்துத் தின்றோம். நல்ல இனிப்பு.

“கோபமாக்கா?”

“இல்லை ரீச்சர். அவ சொன்னது சரிதான். ஆனா இந்த ஒரு கட்டம் வெறுமையாக் கிடக்கப் போகுது. சிஞ்ஞோரா பாத்தா என்ன சொல்லுறது எண்டுதான் யோசிக்கிறன்.”

அடுத்தது பியானா. பல நூறு வருடங்களுக்கு முன்னால் அல்பேனியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களின் ஊர். இன்னும் வீட்டுக்குள் அந்தப் பாஷைதான் பேசுகிறார்கள், தெருப் பலகையில் இரண்டு பாஷை. அக்கா அந்தப் பலகையை நின்று பார்த்தார். “எங்கடை பிள்ளையளின்ரை பிள்ளையள் இப்பிடிக் கதைக்குங்களோ?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அங்கே முத்திரை பாதிரியாரிடம். கதவைத் தட்டினால் நீண்ட தாடியோடு ஒருவர், கழுத்தில் சாப்பாட்டுத் துணி. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், சாப்பாடு ஆறுகிறது என்று. பாதிரியாருக்கு மனைவி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரேக்க முறைச் சபையில் அப்படி உண்டாம். அவர் எங்களை உள்ளே இழுத்து உட்காரவைத்தார். சாப்பிடாமல் முத்திரை இல்லை என்றார். மொச்சைக்கொட்டை மாதிரிப் பெரிய பச்சைப் பீன்ஸும் காட்டுச் சோம்புக் கீரையும் போட்ட சேமியா மாதிரி ஒரு குழம்புச் சாப்பாடு. பிறகு கன்னோலோ. மொறுமொறுப்பான மாவுக் குழல், உள்ளே இனித்த ஆட்டுப்பால் பாலாடை. என் முன்கை நீளம். செட்டிநாட்டில் நாங்கள் பலகாரத்துக்குப் பேர் போனவர்கள். அன்றைக்கு நான் வாய் திறந்து பெருமை பேசவில்லை, வாய்க்கு வேறு வேலை இருந்தது.

சிஞ்ஞோராவின் அட்டையை அக்கா கடைசியாக, தயங்கித்தான், மேசையில் வைத்தார். விடுதியில் கிடைக்காததையும் மறைக்காமல் சொன்னார். பாதிரியார் வெற்றுக் கட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் தன் முழங்காலைத் தடவியபடி, “இந்த முழங்காலால் இவரோடு எத்தனை ஊருக்கு நான் போகமுடியவில்லை தெரியுமா? குத்துங்கள்” என்றார். பாதிரியார் குத்தினார்.

பியானாவிலிருந்து இறங்கும்போது ஒரு திருப்பத்தில் பலெர்மோ முழுதும் கீழே விரிந்தது. கூரைகள், கடல், கடலோரம் தனியாகக் குந்தியிருக்கும் பெரிய பாறைமலை. அதுதான் ரொசாலியாவின் மலை. இத்தனை நாள் நடந்து பார்த்ததில் அதுதான் தொலைவாகத் தெரிந்தது. உமையாள் போன் செய்தாள். “அம்மா, கால் இருக்கா?” என்றாள். இருக்கிறது என்றேன். அவள் அத்தியாயமும் முடிந்துவிட்டதாம்.

சனிக்கிழமை நகரத்துக்குள் நடந்து, கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் வழிவிட்டு, மலையின் பழைய கல்பாதையில் ஏறினோம். மலைகளில் வராத மூச்சிரைப்பு பலெர்மோவின் போக்குவரத்தில் வந்திருந்தது. உச்சியை நெருங்கிய இடத்தில், பாறையோடு ஒட்டிவைத்ததுபோல் தேவாலய முகப்பு. படிகள் ஏறி உள்ளே போனால் கூரையில்லாத ஒரு முற்றம், அதற்கப்பால் குகை. குகை வாசலில் சின்ன மேசை போட்டு சால்வோ உட்கார்ந்திருந்தார்.

எழுந்து வந்து எங்கள் இரண்டு பேர் கையையும் குலுக்கினார். என் அட்டையில் கடைசி முத்திரை. பத்திரம் எனக்குக் கிடையாது, அதற்கு வழி முழுதும் நடந்திருக்க வேண்டும். அது நியாயம்தான். அக்காவுக்குப் பத்திரம் எழுதினார். மூன்று பேனாவில் எது நல்லது என்று தேடி எழுதினார். அக்கா அதைக் கையில் வாங்கினாரே தவிரப் பார்க்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

சால்வோ அட்டையை விரித்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டு வந்தார். வெற்றுக் கட்டத்தில் நின்றார்.

“இங்கே மறுத்துவிட்டார்களா?”

“ஓம்” என்று அக்கா தமிழில் சொல்லி, பிறகு இத்தாலியனில் திருத்திக்கொண்டார்.

“நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன்.” கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “மற்றவர்கள் போட்டதை நான் அழிக்க மாட்டேன். மறுத்ததையும் நிரப்ப மாட்டேன். ஆனால் கடைசி முத்திரைக்கு ஆள் இங்கே வர வேண்டும். வாகனத்தில் வரலாம். உள்ளே கொஞ்சமாவது தன் காலால் வர வேண்டும். அவரால் எப்போது வர முடியும்?”

“நாளைக்கு மத்தியானம் தோரினோவுக்கு விமானம்.”

“நாளைக்கு எனக்கு முறை இல்லை” என்றார். பிறகு, “வருகிறேன். காலையில் கொண்டுவாருங்கள்” என்றார்.

மகன் சம்மதிப்பாரா என்பதுதான் கவலை. அன்று மாலை அக்கா லிபெர்த்தாவுக்குப் போனார். திரும்பி வந்து சொன்னார், மகன் முடியவே முடியாது என்றாராம். பெட்டி கட்டும் நாளில் மலையா என்றாராம். சிஞ்ஞோரா அவரிடம் ஒரே வார்த்தைதான் பேசினாராம். “நீ தோரினோவில் என்னை எங்கே வேண்டுமானாலும் வை. நாளைக் காலை என்னுடையது.”

ஞாயிற்றுக்கிழமை மலையில் சால்வோ சொன்னது எவ்வளவு உண்மை என்று பார்த்தேன். படி முழுக்கத் தமிழ். பட்டுச் சேலைகள், பூச்சரம் வைத்த பெண்கள், சிசிலிக்காரர்கள் மாதிரியே கையை ஆட்டி ஆட்டி இத்தாலியன் பேசும் பிள்ளைகள். திருநீறு பூசிய நெற்றியோடு ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். டாக்சி வந்து நின்றது. மகன் வரவில்லை, வீட்டில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் ஓட்டுநருமாகச் சிஞ்ஞோராவை நாற்காலியில் இறக்கினோம். உதட்டுச் சாயம், முத்துமாலை, கருப்பு உடை. படியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

அக்கா கூட்டத்தைப் பார்த்து, “தம்பியவை, ஒருக்கா ஒரு கை தாங்கோவன்” என்றார். நான்கு யாழ்ப்பாணத்துக்காரர்கள் வந்தார்கள். திருநீறுக்காரரும் அதில் ஒருவர். நாற்காலியின் நான்கு மூலையையும் பிடித்தார்கள்.

“பயப்படாதேங்கோ அம்மா. நாங்கள் சாமி தூக்கின ஆக்கள்” என்றார் அவர். அதை இத்தாலியனிலும் சொன்னார். சிஞ்ஞோரா முதல் தடவையாகச் சிரித்தார். ஆட்டம் அசைவில்லாமல் படிக்கு மேல் படியாக அவர் முற்றத்துக்குள் போய் இறங்கினார்.

குகை வாசலில் சால்வோ மேசையோடு தயாராக இருந்தார். இடையில் முற்றத்தின் கல் தரை. நடந்தால் பத்திருபது அடி இருக்கும். சிஞ்ஞோரா நாற்காலியைத் தள்ள விடவில்லை. ஊன்றுகோல் சட்டத்தைக் கேட்டார். அக்கா அதை முன்னால் வைத்துவிட்டு, தொடாமல், இரண்டு கையையும் விரித்தபடி பின்னால் நின்றார். பழக்கமான கைகள் அவை. சிஞ்ஞோரா எழுந்தார். சட்டத்தை நகர்த்தி ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. கூட்டம் தானாகவே விலகி வழிவிட்டது. யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். பாதி முற்றம் கூட வரவில்லை. முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. அப்படியே மடங்கப் போனவரை அக்கா அணைத்துப் பிடித்து, சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தார்.

சிஞ்ஞோராவுக்கு மூச்சு வாங்கியது. மேசையைப் பார்த்தார். அது எழுந்து போகிற தூரத்தில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். அக்கா முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். கெஞ்சக் கூடாது என்பதை அக்கா மறக்கவில்லை, வாயைத் திறக்கவே இல்லை. பாஷை தெரிந்திருந்தால் நான் கெஞ்சியிருப்பேன்.

நாற்காலி கல்லில் உராயும் சத்தம் கேட்டது. சால்வோ எழுந்து மேசையிலிருந்து முத்திரையை ஒரு கையிலும் மைப் பெட்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முற்றத்தைக் கடந்து வந்தார். பெஞ்சுக்கு முன்னால் ஒரு முழங்காலில் உட்கார்ந்தார். அட்டையைச் சிஞ்ஞோராவின் மடியில் வைத்து, மையில் அழுத்தி, முத்திரையை அவர் கையிலேயே கொடுத்தார்.

“நீங்களே போடுங்கள், சிஞ்ஞோரா” என்றார்.

அக்கா அவர் கைமேல் தன் கையை வைத்தார். இரண்டு பேருமாக அழுத்தினார்கள். கொஞ்சம் கோணலாக விழுந்தது. படியில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். சால்வோ பத்திரம் எழுதவில்லை. அதைச் சிஞ்ஞோராவும் கேட்கவில்லை. சால்வோ மேசைக்குத் திரும்பிப் போய் மூக்கைச் சிந்துவதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சிஞ்ஞோரா அக்காவின் அட்டையைக் கேட்டு வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, கொர்லெயோனே கட்டத்தில் விரலை வைத்து, ஏதோ கேட்டார். அக்கா பதில் சொல்ல ஆரம்பித்தார். காப்பிக் கறை பற்றி இருக்க வேண்டும், கையால் டம் டம் என்று குத்திக் காட்டினார். சிஞ்ஞோரா அடுத்த கேள்வி கேட்டார். தான் வராத வழியை அவர் ஒவ்வொரு அடியாகக் கேட்டு வாங்குகிறார் என்று புரிந்தது. கதையில் நாய்கள் வந்த இடத்தில் அக்கா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்களை விட்டுவிட்டு நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. குதிகாலில் நூல் இன்னும் இருந்தது. பட்டம் தள்ளிப்போனதற்கு மனதுக்குள் யாருக்கோ நன்றி சொன்னேன், முருகனுக்கா ரொசாலியாவுக்கா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

டாக்சிக்காரர் படியேறி வந்தார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். நான் காதைத் தீட்டி உள்ளே கேட்டேன். பேச்சு எனக்குப் புரியாது, ஊர்ப் பெயர்கள் மட்டும் புரியும். அக்காவின் குரலில் தாடிப் பாதிரியாரின் ஊர் வந்தது.

“பியானா” என்றேன், உள்ளே கையைக் காட்டி.

அவர் காதில் அது ‘பியானோ’ என்று விழுந்திருக்க வேண்டும். மெதுவாக என்று அர்த்தம். “ஆ, மெதுவாகவா, மெதுவாகவே வரட்டும்” என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, கார்ச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.